கால் போட்ட தாளம்

மெட்டுவின் கணுக்கால் பிசகியது ஒரு கலை விபத்து. அப்படித்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். லிப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம், "ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கும் பணியில் ஏற்பட்டது" என்று போனில் அறிவித்தார். நடந்தது வேறொன்றும் இல்லை. படுக்கையறைக் கூரையில் கம்பளியை ஆணியடித்து மாட்டக் குளியலறை முக்காலியின் மேல் ஏறினார். முக்காலிக்கு ஒரு கால் ஏற்கெனவே ஆட்டம். இறங்கும்போது அதன் காலும் இவர் காலும் ஒன்றாக மடங்கின. முக்காலியை அன்றே குப்பையில் போட்டுவிட்டார்கள். மெட்டுவை வைத்துக்கொண்டார்கள்.

மெட்டு என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். "லிப்டு நடுவுல நின்னுடுச்சு, உள்ளே எங்க மாமா மாட்டிக்கிட்டிருக்கார்" என்று யாராவது போனில் கதறும்போதும், பதில் சொல்வதற்கு முன் மேசையில் விரலால் ஒரு சுற்றுத் தாளம் தட்டி முடிப்பார். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். லிப்ட் கம்பெனிக்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது என்பதையும், இரண்டாம் மாடிக்கு அவரைத் தோளில் தாங்கி ஏற்றியவள் அவர் மனைவிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

படுக்கையறை கூடமாகிவிட்டதால் கட்டில் வெளியே வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் முன்னறையில் படுத்தார்கள். மைக்குக்கு எதிரொலி ஆகாது என்று மனைவியின் துணிகள் எல்லாம் அலமாரியிலிருந்து சுவருக்குக் குடிமாறின. கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்க அவளுடைய உடைகள்; மேற்குச் சுவரில் போர்வைகள். வேலைக்குப் போகும் அவசரத்தில் அவள் ஒன்றை உருவினால், "ஐயோ, அதை எடுக்காதே, அதுதான் என் கீழ்ஸ்தாயியைத் தாங்குது" என்பார். பதிவு நடக்கும்போது மின்விசிறி சுற்றக் கூடாது. துணி துவைக்கும் இயந்திரம் கூடவே கூடாது. அவள் குளியலறையில் குழாயை நூல்போலத் திறந்துவைத்துக்கொண்டு கையால் துவைத்தாள். கல்யாணத்தைக் கால்கட்டு என்பார்கள். இந்த வீட்டில் கட்டு இவர் காலில் இருந்தது, நடக்க முடியாமல் போனது அவளுக்கு.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டரில் நின்றாள். வருகிறவர்கள் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை வைத்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு அளவு பார்த்து, "இது உங்க முகத்துக்கு நல்லா பொருந்துது" என்று சொல்வது வேலை. பொருந்தாவிட்டால் சொல்ல மாட்டாள். அதனாலேயே அவளிடம் கூட்டம். கடை முதலாளி அம்மாள் கடைக்குப் பின்னால் சொந்தமாக லென்ஸ் தேய்க்கும் பட்டறை வைக்க முடிவு செய்து, இயந்திரமும் வந்து பெட்டியோடு கிடந்தது. வெளியூரில் இரண்டு மாதம் பயிற்சி. போய்வருகிறவள்தான் பட்டறைக்குப் பொறுப்பு. முதலாளி அம்மாள் முதலில் கேட்டது இவளைத்தான்.

அந்தச் செய்தியை வீட்டில் சொன்ன சாயங்காலம் அவள் காலிலிருந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்ணாடி போட்டுக்கிட்டவங்க எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னு கிளம்பிப் போயிடறாங்க. நான்தான் அந்தக் கவுண்டரைத் தாண்டவே இல்லங்க. இப்பதான் ஒரு கதவு தெறக்குது."

"நிச்சயமா போகணும்மா," என்றார் மெட்டு. தலையணைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த காலைப் பார்த்தார். "கால் மட்டும் கொஞ்சம் ஊனட்டும்."

"அதைத்தான் மேடம்கிட்ட சொல்லியிருக்கேன். அவர் கால் ஊனின அன்னைக்கு நான் கிளம்பிடுவேன்னு."

இப்படியாக, அவள் கிளம்புவது அவர் கால் ஊன்றுவதில் தொங்கியது.

கால் ஒழுங்கான கால், வேகமாக ஆறியது. பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அவரை வாடகைக் காரில் தனியாக அனுப்பிவிட்டு மனைவி கடைக்குப் போவாள். ஆரம்பத்தில் அந்தப் பெண் ஒரு பயிற்சி கொடுத்திருந்தாள். "கால் கட்டைவிரலைப் பேனான்னு நெனச்சுக்கிட்டு காத்துல ஏ பி சி டி எழுதுங்க சார். கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும்."

"ஏ பி சி டி எதுக்கு? தாய்மொழியிலேயே எழுதறேன்," என்றார் மெட்டு.

"எழுதுங்க. ஆனா அது பெரிய வேலை சார்."

பெரிய வேலைதான். 'இ'யைச் சுழிப்பதற்குள் கண்ணில் நீர் வந்தது. 'ஔ' முடிந்தபோது பக்கத்துப் படுக்கையில் தோள்பட்டைக்காக வந்திருந்தவர் கைதட்டினார். ங வரிசையில் மெட்டு மொழிப்பற்றைச் சற்று ஒத்திவைத்தார். ஆனாலும் நாளடைவில் வலது கட்டைவிரல் ஞ வரிசை, ண வரிசை எல்லாம் தாண்டிவிட்டது. கையெழுத்தே அதைவிட மோசம் என்று சொல்லும் அளவுக்கு ஒரு தெளிவு வந்தது.

ஒருநாள் அந்தப் பெண் காலைத் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்துச் சொன்னாள். "அவ்வளவுதான் சார். பூட்ஸைத் தூக்கிப் போடுங்க. ஊன்றுகோல் வேணாம். நடங்க, மாடி ஏறுங்க, வேலைக்குப் போங்க. இனிமே நடக்காம இருந்தாத்தான் கெடுதல்."

மெட்டுவுக்குத் தன் பாட்டுகள்தான் ஞாபகம் வந்தன. ஆல்பம் பாதியில் நிற்கிறது. 'மௌனத்தின் மறுகரை' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. வேலைக்குப் போனால் மறுபடி நின்றுபோன லிப்டுகளும் உள்ளே மாட்டிக்கொண்ட மாமாக்களும்தான். மனைவியும் ஊருக்குப் போய்விட்டால் சோறு வடிப்பது, துணி துவைப்பது எல்லாம் தன் தலையில். மறுகரை மறுகரையாகவே இருந்துவிடும்.

வீடு வந்ததும் மாடிப்படியின் அடியிலேயே பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். பிசகிய காலைத் தாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்தது; முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கறுப்புப் பிளாஸ்டிக் பூட்ஸ். கணுக்கால் பக்கம் ஒரு கீல் இருக்கும். மிதித்தால் டொக், தூக்கினால் கிறீச். டொக், கிறீச், டொக், கிறீச் என்று மாடி ஏறி, வீட்டு வாசலில் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மனைவி வந்ததும் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து பூட்ஸின் பட்டைகளைப் பிரித்தாள். பிரித்தபடியே கேட்டாள்.

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"அவசரப்படக் கூடாதுங்கறாங்க."

"எவ்வளவு நாளாகுமாம்?"

"கால் விஷயம் இல்லையா. நாம சொல்றபடியா கேக்குது?"

இதில் எந்த வாக்கியமும் நேரடிப் பொய் இல்லை என்று மெட்டு தனக்குள் சரிபார்த்துக்கொண்டார். ஆனால் குனிந்திருந்த அவளுடைய தலைவகிட்டைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தார். ஈரத்துணியால் அவள் பாதத்தைத் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். நகம் வளர்ந்திருக்கிறதென்று வெட்டியும் விட்டாள். ண வரிசை வரை எழுதிய கட்டைவிரல் அவள் கையில் ஒன்றும் தெரியாததுபோல் துவண்டு கிடந்தது. அதன் நடிப்பைக் கண்டு அதன் சொந்தக்காரருக்கே காது சூடானது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு மெட்டுக்கள் வாழ்ந்தார்கள். அவள் இருக்கும்போது ஒருவர் கட்டிலில் சாய்ந்து, "தண்ணி மட்டும் கொஞ்சம்…" என்று இழுப்பார். அவள் படியிறங்கியதும் இன்னொருவர் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சூடாக டீ போட்டுக் குடிப்பார். அவள் பிளாஸ்க்கில் ஊற்றி, கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போன டீயை என்ன செய்வது? பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்ப்பார். தான் குடித்த டம்ளரைக் கழுவி, ஈரம் தெரியாமல் துடைத்து, முன்பிருந்த இடத்திலேயே வைப்பார். கழுவுகிற நேரம் முழுக்க அவருக்கு வெட்கமாக இருக்கும். மெட்டுவுக்கு வெட்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுதியும்தான் இருந்தது. இரண்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் திடீரென்று வந்துவிடக்கூடும் என்பதால் பூட்ஸை மட்டும் கழற்றுவதில்லை. அந்த பூட்ஸோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை கூடத்தில் உட்கார்ந்து, ஆல்பத்தின் உயிர்நாடி என்று அவர் கருதிய பாட்டை ஒரே மூச்சில் பதிந்தார். பாட்டின் முதல் வரி, 'ஓயாமல் நடப்பவன் நான்.' நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கிட்டாரைத் தழுவி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தன் குரலைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கேட்கவில்லை. தன் குரல் இருக்கும் இடத்தில் மெட்டுவுக்கு வேறெதுவும் எப்போதும் கேட்டதில்லை.

பதிந்ததைக் கீபோர்டுக்கு அனுப்பினார். கீபோர்டு அவருடைய பழைய கூட்டாளி. பகலில் ஒரு கூரியர் ஆபீசில் முகவரி தட்டுபவர், ராத்திரியில் இசை தட்டுபவர். இரண்டுக்கும் கீபோர்டுதான்; ஒன்றுக்குத்தான் சம்பளம். உடனே போன் வந்தது.

"டேய், கேட்டேன்டா. அசத்திட்ட!"

மெட்டு கண்ணை மூடிக்கொண்டார். "சரணத்துல அந்த எடுப்பு…"

"அது கிடக்கட்டும். அந்த டொக்கு டொக்குன்னு ஒண்ணு வருதே, அதுக்கு நடுவுல கிறீச்சுன்னு ஒரு இழுப்பு. என்னடா வாத்தியம் அது? பிரமாதம்! காலப்பிரமாணம் இம்மி பெசகல."

மெட்டு முதல்முறையாகத் தன் குரலைத் தாண்டிக் கேட்டுப் பார்த்தார். உண்மைதான். சரணம் முழுக்க டொக்… கிறீச், டொக்… கிறீச்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே," என்றார் கீபோர்டு. "அதை அப்படியே வச்சுக்கிட்டு, குரலைக் கொஞ்சம் எடுத்துடலாமா?"

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் இதற்குப் பிறகு அந்தப் பாட்டை அழித்திருப்பான். பாராட்டுக்குப் பட்டினி கிடந்தவரால் அழிக்க முடியவில்லை. குரலுக்குச் சொல்லியிருந்தால் என்ன, காலுக்குச் சொல்லியிருந்தால் என்ன? எல்லாம் ஒரே உடம்புதானே.

முடிவு சொல்ல முதலாளி அம்மாள் கொடுத்திருந்த கெடு ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடி ஏறி இறங்கியது. கூடவே கவுண்டரில் வேலை பார்க்கும் இன்னொரு பெண், கையில் ஒரு பை ஆரஞ்சோடு. இவள் போகாவிட்டால் பயிற்சிக்குப் போகப் போகிறவள் அந்தப் பெண்தான். நோயாளியைப் பார்க்க வந்த முகத்தை அவள் மிகவும் சிரமப்பட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்படி சார் இருக்கு?" என்றார் முதலாளி அம்மாள்.

மெட்டு நாற்காலியில் இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, பூட்ஸ் காலை எதிரே ஸ்டூலில் கண்காட்சிபோல நீட்டியிருந்தார். "கலைஞனுக்கு வலிங்கிறது ஒரு துணை, மேடம்."

"மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடறீங்களா?"

"போடறேன்."

"அதைச் சொல்லுங்க." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "என்னம்மா முடிவு பண்ணே? நாளைக்குக் காலைல வண்டி."

"டீ போட்டுட்டு வந்து சொல்றேன் மேடம்," என்று அவள் சமையலறைக்குள் போனாள். யோசிக்க அவளுக்கு டீ கொதிக்கும் நேரம்தான் இருந்தது.

சும்மா ஒரு மரியாதைக்கு முதலாளி அம்மாள் கேட்டார். "ஏதோ பாட்டெல்லாம் பண்றீங்களாமே சார்?"

இந்தக் கேள்வியை மெட்டுவிடம் மரியாதைக்குக் கேட்கக் கூடாது. கேள்வி முடிவதற்குள் ஸ்பீக்கர் உயிர் பெற்றுவிட்டது. ஓயாமல் நடப்பவன் நடக்க ஆரம்பித்தான். முதலாளி அம்மாள் தலையை ஆட்டாமல் கேட்டார். பல்லவி முடிந்தது. சரணம் வந்தது. அவருடைய விரல் தானாக நாற்காலிக் கையைத் தட்டியது.

"சார், இதுல டொக்கு டொக்குன்னு வருதே, அது ரொம்ப நல்லா இருக்கு. அது யாரு வாசிச்சது?"

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். நண்பர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மெட்டுவின் வாழ்நாளில் யாரும் அவரிடம் 'யாரு வாசிச்சது' என்று கேட்டதில்லை. 'யாரு இப்படிச் சத்தம் போடறது' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"நான்தான்."

"அப்படியா! என்ன வாத்தியம்?"

"வாத்தியமே கிடையாது மேடம். செவ்வாய்க்கிழமை, ஒரே மூச்சுல பதிஞ்சது. வாய் பாட்டுல இருக்கு. கை ரெண்டும் கிட்டார்ல இருக்கு. அப்ப மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்!"

"காலா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"கால்!" என்றார் மெட்டு.

"எந்தக் கால் சார்?"

பதில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. டொக்… கிறீச். டொக்… கிறீச். மனைவி டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கிறீச்சை இந்த உலகத்தில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தினமும் அந்தக் கீலைத் துடைத்தவள் அவள். அவளுடைய கண்கள் ஸ்பீக்கருக்குப் போயின. ஸ்டூலில் நீட்டியிருந்த பூட்ஸுக்கு வந்தன. அதற்குமேல் ஏறி மெட்டுவின் முகத்துக்கு வரவில்லை.

"எடது கால்," என்றாள் அவள். கவுண்டரில் பேசுகிற நிதானமான குரல். "எடது காலாலதான் தட்டுவார். வலது கால்தான் தரையிலயே படக் கூடாதே."

தட்டை வைத்துவிட்டு முதலாளி அம்மாளைப் பார்த்தாள். "நான் எப்படிப் போறது மேடம்? இன்னும் நாளாகும்போல இருக்கு. இந்தத் தங்கச்சியை அனுப்புங்க."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து நோயாளி பார்க்கும் முகம் கழன்று விழுந்தது.

மெட்டுவுக்கு அப்போது உண்டான வெட்கம் புது வகை. டம்ளர் கழுவும்போது வரும் வெட்கம் இல்லை. பொருந்தாததைப் பொருந்துகிறது என்று ஒருநாளும் சொல்லாதவள், இவருடைய மானத்தை மறைக்க, தனக்குத் திறந்த கதவையே கழற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மானம் மிஞ்சும், ஆல்பம் மிஞ்சும். அவர் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து எல்லோர் முன்னாலும் கம்பீரமாக நான்கு எட்டு நடந்து காட்டிவிடுவது என்று தீர்மானித்து, விசுக்கென்று எழுந்தார்.

அத்தனை நேரம் மடித்து உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப் போயிருந்தது. ஆரஞ்சுப் பையின் மேல் விழுந்தார்.

"ஐயோ பாவம்!" என்று முதலாளி அம்மாள் எழுந்துவிட்டார். "எதுக்கு சார் எழுந்திருக்கறீங்க? இந்த நிலைமைல இவரை விட்டுட்டு எப்படிம்மா வருவே நீ?"

"மேடம்," என்றார் மெட்டு தரையிலிருந்து. ஒரு ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "இது எடது கால். மரத்துப் போச்சு. வலது கால் நல்லாத்தான் இருக்கு."

"என்னது?"

"நடக்கலாம்னு சொல்லிட்டாங்க. ரொம்ப நாளாச்சு. நான்தான் வீட்ல சொல்லல. பாட்டுல வர்றது வலது கால்தான்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். உச்ச இடம் வந்தால் பாட்டில் ஒரு நிறுத்து நிறுத்துவாரே, அதேபோல. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் அவருக்குச் சபை தேவைப்பட்டது. ஆனால் சபை அவரைப் பார்க்கவில்லை. முதலாளி அம்மாள் சங்கிலியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ எடது கால்னு சொன்னது?"

இதை மெட்டு யோசித்திருக்கவில்லை. தன் பொய்யைக் கழற்றினால் அவள் பொய்யும் கூடவே கழன்று வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவியின் முகம் கழுத்துவரை சிவந்தது. வெட்கப்பட வேண்டியவர் ஆரஞ்சுக்கு நடுவில் கிடக்க, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றவள் அவள்.

"பொய்தான் மேடம். தட்டை எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது. தெரிஞ்சதும் வாய்ல வந்துடுச்சு."

முதலாளி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பழக்கமில்லாதவ சொன்ன பொய். டீ ஆறறதுக்குள்ள உடைஞ்சு போச்சு," என்றார். "லென்ஸ் தேய்க்கறவளுக்கு அது ஒண்ணும் கொறை இல்ல. காலைல வண்டிக்கு வர்றியா?"

"வர்றேன் மேடம்."

ஓயாமல் நடப்பவன் அப்போதுதான் பாட்டை முடித்தான். யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் தன் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, சற்று யோசித்து, பையை மேசைமேல் வைத்தாள்.

அவர்கள் போனதும் மனைவி பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். கிழக்குச் சுவரில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். கீழ்ஸ்தாயியைத் தாங்கிய உடையும் பெட்டிக்குள் போனது. மெட்டு பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அறைவாசலில் வந்து நின்றார். அத்தனை நாளில் அவர் அந்த வீட்டில் சத்தமில்லாமல் நடந்தது அதுவே முதல் தடவை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குச் சுவரின் போர்வைகளையும் எடுத்தாள். கடைசியில் கூரையைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பளி மட்டும்…" என்று மெட்டுவின் வாய் தானாக ஆரம்பித்தது. ஆல்பத்துக்கு அது ஒன்றாவது மிஞ்சட்டும் என்று அந்த நேரத்திலும் உள்ளே ஒருவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டு மெட்டுவுக்கே கூசியது.

"அங்கே குளிருமாம்," என்றாள் அவள். "எடுத்துக் குடுங்க. ஏறத் தெரியுமில்ல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். வலது காலை ஊன்றித்தான் ஏறினார். ஆணிகளைப் பிடுங்கிக் கம்பளியை இறக்கிக் கொடுத்தார். அவள் வாங்கி மடித்துப் பெட்டியை மூடினாள். அறையில் ஒரு நாற்காலியும் மைக்கும் நான்கு வெறுஞ்சுவர்களும் மிஞ்சின.

இறங்கி வந்து நின்றார். சொல்ல வேண்டியதைப் பெரிதாகச் சொல்ல வார்த்தை தேடினார். வந்தவை எல்லாம் பாட்டு வரியாகவே வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "என்னை மன்னிச்சிடு," என்றார்.

சுவர்கள் வாங்கித் திருப்பிச் சொல்லின: மன்னிச்சிடு… ச்சிடு. சுதி இறங்கியிருந்தது.

"ஒரு தடவை சொன்னாப் போதும்," என்றாள் அவள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

அவர் ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்.